இருபத்தேழு மணி நேரப் புதன்கிழமை

பத்திரிகை அலுவலகத்தில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவனுக்கு இரண்டு வியாதிகள் நிச்சயம் வரும். ஒன்று, யார் எதைச் சொன்னாலும் நம்பமாட்டான். இரண்டு, தான் எழுதியதை மட்டும் ஊரே நம்பும் என்று நினைத்துக்கொள்வான். மதுரையிலிருந்து சிட்னிக்குக் குடிவந்தபோது எங்கள் பெட்டிகளில் பாதி நசுங்கித்தான் வந்தன. இந்த இரண்டு வியாதிகளும் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன.

என் மகள் ஆதிரைக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி நாட்களில் காலை எட்டேகாலுக்கு அவளுக்கு வயிறு வலிக்கும். டாக்டர் பரிசோதித்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். சனி, ஞாயிறுகளில் வலியும் விடுப்பு எடுத்துக்கொண்டது. வகுப்பில் அவள் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை சொன்னார். (வீட்டில் நாங்கள் இருவரும் வாயைத் திறக்க முடியாது.) பேசிப் பார்த்தோம், வகுப்பை மாற்றிப் பார்த்தோம், கடைசியில் வீட்டிலேயே படிக்க வைப்பதென்று முடிவானது. மனைவி செல்வி மருத்துவமனையில் நர்ஸ். நான் வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்குக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பவன். ஆகவே வாத்தியார் வேலை எனக்கு.

பிள்ளையைச் சும்மா வீட்டில் வைத்துக்கொள்ள இங்கே சட்டம் விடாது. பதிவு செய்ய வேண்டும். அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பார். எங்களுக்கு வந்தவர் பெயர் ஹெலன். மென்மையாகப் பேசுவார், பேசும்போதே அலமாரியில் என்னென்ன புத்தகம் இருக்கிறது என்று பார்த்துவிடுவார். முதல் முறை ஆறு மாதத்துக்குத்தான் அனுமதி கொடுத்தார். கணிதம் கொஞ்சம் மெலிவாகத் தெரிகிறது, பாடவாரியாக மணிக்கணக்கு எழுதி வையுங்கள், அடுத்த முறை பார்க்கலாம் என்றார். அடுத்த முறை தேறாவிட்டால் ஆதிரை பள்ளிக்குத் திரும்ப வேண்டும். எட்டேகால் மணி வயிற்றுவலியும் கூடவே திரும்பும்.

இந்த நிலைமையில்தான் பக்கத்து வீட்டு சிவநேசன் அங்கிள் என் சந்தேகத்தில் விழுந்தார்.

அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர். வேலையிலிருந்து ஓய்வுபெற்று, சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில் பகுதியில், எங்கள் வீட்டை ஒட்டிய தன் தோட்டத்தில் மாதுளை வளர்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "தம்பி, பிள்ளை பள்ளிக்கூடம் போறேல்லையோ?" என்று கேட்டார். வீட்டிலேயே படிக்கிறாள் என்றேன். "ஓம் ஓம்" என்றார். அந்த இரண்டாவது ஓம் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுவாரம் நான் பார்த்ததை அப்படியே தருகிறேன். அங்கிள் மாதுளை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் நீலநிற நோட்டு. எங்கள் வீட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் எங்கள் வீடு, கடிகாரம், எழுத்து. நான் நீதிமன்றச் செய்திகள் எழுதியவன். ஒரு மனிதன் சாட்சி சொல்லத் தயாராவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அவரு புகார் எழுதறாரு" என்று செல்வியிடம் சொன்னேன்.

"எதுக்கு?"

"பள்ளிக்கூட நேரத்துல பிள்ள வீட்ல இருக்குன்னு."

"அதுக்குத்தான பதிவு பண்ணிருக்கோம்? அது ஊருக்கே தெரியுமே" என்றபடி அவள் வேலைக்குக் கிளம்பிப் போனாள். செல்வி பத்திரிகையில் வேலை பார்த்தவள் இல்லை. அவளுக்குப் புரியாது.

உடனே தற்காப்பு நடவடிக்கையில் இறங்கினேன். காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை பின்பக்கத் திரையை மூடினேன். பாட நேரத்தில் கொல்லைப்பக்கம் போகக்கூடாது என்று ஆதிரைக்கு உத்தரவு போட்டேன். அங்கிள் எந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தாலும், அந்த நேரத்தில் ஹெலன் கேட்ட மணிக்கணக்கு ஏட்டில் கனமான பாடம் ஏதாவது நடந்திருக்க வேண்டும். ஏட்டை அப்படித் தயாரிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் பத்திரிகையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பேருந்து கவிழ்ந்தால் அதே செய்தி மாவட்டப் பக்கத்தில் ஒரு தடவை, முதல் பக்கத்தில் ஒரு தடவை, வாரமலரில் பிழைத்தவரின் பேட்டியாக இன்னொரு தடவை வரும். விபத்து ஒன்று, செய்தி மூன்று. ஏட்டிலும் இதையே செய்தேன். வாராவாரம் புதன்கிழமை எனக்கு வேலை இல்லை, ஆதிரையைக் கூட்டிக்கொண்டு தமிழ்க் கடைகள் இருக்கும் பென்டில் ஹில்லுக்கு மளிகை வாங்கப் போவேன். போய்வர மூன்று மணி நேரம். விலையைக் கூட்டிப் பார்த்தாள், அது கணிதம் மூன்று. டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்தாள், ஆங்கிலம் மூன்று. பருப்பு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்த்தாள், சமூகவியல் மூன்று. பையைத் தூக்கினாள், உடற்கல்வி மூன்று.

(அந்தப் பையில் இருந்தது ஒரு கட்டு கறிவேப்பிலை.)

வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் சாம்பாரும் இட்லியும். அறிவியல் இரண்டு, கணிதம் இரண்டு. தட்டில் அடுக்கியது அழகாக இருந்ததால் கலை இரண்டு. பிறகு பூங்காவில் ஒன்றரை மணி நேரம் சைக்கிள் ஓட்டினாள். உடற்கல்வியும், எறும்புப் புற்று ஒன்றைப் பார்த்ததால் அறிவியலும். கடைசியில் இரண்டு மணி நேரம் ராஜா கதை வாசித்தாள். ஆங்கிலம், சமூகவியல், குரலை மாற்றி வாசித்ததால் நாடகம், அதாவது மறுபடியும் கலை.

ஒவ்வொரு பாடத்துக்கும் மாதம் எத்தனை மணி நேரம் என்று மேலிருந்து கீழாகக் கூட்டி, சிவப்பு மையில் எழுதினேன். மொத்தத்தைப் பார்த்தபோது எனக்கே என் மகள் மேல் மரியாதை வந்தது. மற்ற நாட்களில் பத்தரை முதல் பதினொன்றரை வரை எனக்கு அலுவலகக் கூட்டம். திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் ஆதிரை என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அதனால் ஏட்டில் 'கணிதம், தானே பயில்கிறாள்' என்று எழுதினேன்.

ஹெலன் ஒரு வியாழக்கிழமை பத்தரைக்கு வந்தார், அலுவலகக் கூட்டத்துக்கு வரமுடியாது என்று முன்பே சொல்லியிருந்தேன். சாப்பாட்டு மேசையில் ஏட்டை விரித்து வைத்தேன். அவர் நாலைந்து பக்கம் புரட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஏட்டை ஆதிரை பக்கம் திருப்பி, ஒரு புதன்கிழமையைக் காட்டி, இந்த நாளைப் பற்றிச் சொல்லேன் என்று கேட்டார். குழந்தையின் வாயைக் கிளறும் தந்திரம் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆதிரைக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. விரலை வைத்து அந்த வரியை இடமிருந்து வலமாக வாசித்தாள். நான் மேலிருந்து கீழே மட்டுமே கூட்டியிருந்தேன். குறுக்கே கூட்டவே இல்லை.

"அப்பா, இது ட்வென்டி செவன்."

ஹெலன் எது இருபத்தேழு என்று கேட்டார்.

"ஹவர்ஸ்" என்றாள் ஆதிரை. பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, நான் அன்னிக்குத் தூங்கவே இல்லையா?"

ஹெலன் பேனாவை மூடிவைத்தார். ஆஸ்திரேலியாவில் ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம்தான், இந்தியாவிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன் என்று மென்மையாகச் சொன்னார். எனக்குப் பென்டில் ஹில்லும் பேருந்து விபத்தும் ஒன்றாக ஞாபகம் வந்தன. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். விளக்க விளக்க அந்தப் புதன்கிழமை இன்னும் நீண்டுகொண்டே போகும் போலிருந்தது. மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பின்கதவு தட்டப்பட்டது. திரையை விலக்கினால் அங்கிள். கையில் நீல நோட்டு.

முடிந்தது கதை என்று நினைத்தேன். அதிகாரி வரும் நாளைக்கூட விசாரித்து வைத்திருக்கிறார். நான் திறப்பதற்குள் ஆதிரை ஓடிப்போய்த் திறந்துவிட்டாள்.

"பிள்ளை, இண்டைக்கு நீங்கள் வரேல்லை, அதுதான் வந்தனான்" என்றார் அங்கிள். "பத்து ஐம்பதுக்கு வந்தவை. பதினாலு. உங்கட கூரையில அஞ்சு நிமிசம் இருந்திட்டுத்தான் மாதுளைக்கு வந்தவை."

வந்தவை வெள்ளைக் கிளிகள். மஞ்சள் கொண்டை வைத்த காக்கட்டூக்கள். தினமும் எங்கள் கூரையில் வந்து இறங்கி, வேவு பார்த்து, பிறகு அங்கிளின் மாதுளையைக் குதறுவது அவற்றின் வழக்கம். அவர் பார்த்ததெல்லாம் எங்கள் கூரையை. திரை இடுக்கு வழியாக ஒரு மாதம் அந்த மனிதரை உற்றுப் பார்த்த நான், அவர் பார்த்த திசையில் ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

ஆதிரை தன் அறைக்கு ஓடிப்போய் ஒரு கட்டம் போட்ட தாள்கட்டைக் கொண்டுவந்து ஹெலன் முன்னால் விரித்தாள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை கிளி, மழையா வெயிலா, எத்தனை பழம் போயிற்று. சராசரியாகப் பத்து நாற்பத்திரண்டுக்கு வரும், மழை நாளில் வராது என்று கோடு போட்டுக் காட்டினாள். பத்து நிமிடம் விடாமல் பேசினாள். வகுப்பில் வாயே திறக்காத பெண் அவள். ஹெலன் அலமாரிப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் அங்கிளிடம் கேட்டார். அங்கிள் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"தம்பி, அவவுக்குச் சொல்லுங்கோ, எனக்கு ஒண்டும் தெரியாது. பிள்ளைதான் எழுதச் சொன்னது. நான் நேரத்தைப் பிழையா எழுதினா ஏச்சு விழும்."

நான் கூட்டத்தில் தலையாட்டிய நேரத்தில் அவள் வேலி ஓரம் நின்றிருக்கிறாள். மற்ற நேரங்களில் அப்பா வெளியே விடமாட்டார், நீங்களே குறித்து வையுங்கள் என்று அங்கிளை வேலைக்கு வைத்திருக்கிறாள். 'கணிதம், தானே பயில்கிறாள்.' முழு ஏட்டிலும் உண்மையாக இருந்தது நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய அந்த ஒரு வரிதான்.

ஹெலன் ஒரு வருடத்துக்கு அனுமதி தந்தார். கணிதத்தைப் பற்றி இனிக் கவலை இல்லை, மகளுடைய கணிதத்தைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன் என்று வாசலில் நின்று தெளிவுபடுத்தினார். ஏட்டை இனி மகளே எழுதுவது நல்லது என்றும் சொல்லிப் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் புதன்கிழமை என்றால் கிழமை இல்லை. இன்று முதுகு ஒடிய வேலை பார்த்தேன் என்று நான் சொன்னால், செல்வி நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்து, "இன்னைக்கு புதனா?" என்பாள். அங்கிளுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஊரில் எனக்கு எவ்வளவு பெரிய பத்திரிகை வேலை என்று நான் ஆரம்பித்தால், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "தம்பி, புதன், புதன்" என்று குரல் வரும்.

மாதுளை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. கிளிகளும் வேறு தெருவுக்குப் போய்விட்டன. அங்கிள் இன்னமும் மரத்தடியில் நாற்காலி போட்டு, எங்கள் வீட்டைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, நீல நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டேன். அங்கே ஒன்றுமே இல்லை.