நாலு சட்டி ரசம், மூணு சட்டி பாயசம்

எனக்குப் புத்தி அதிகம் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவின் கருமாதி அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

மலேசியாவில் ஈப்போ பக்கத்தில் ஒரு பால்மரத் தோட்டத்தில், ரப்பர் வெட்டுகிறவர்களின் லயத்தில் இருந்தோம். வரிசையாக எட்டு வீடு, எட்டாவது நாங்கள். அம்மா போன பதினாறு நாளாக அப்பாவுக்கு டீயும் ரொட்டியும்தான். “அவளுக்குப் படைச்ச பெறகுதான் சோறு” என்று சொல்லிவிட்டார். அன்றைக்காவது அவரைச் சாப்பிட வைக்க வேண்டும்.

ஏழு வீட்டிலும் ஆளுக்கு ஒன்று சமைத்துத் தருவதாகச் சொன்னார்கள். யார் எதைச் சமைப்பது என்று வீடு வீடாகப் போய்ப் பேச எனக்குத் தெம்பில்லை. (போனால் கட்டிப்பிடித்து அழுவார்கள். நானும் அழுவேன்.) அதனால் ஒரு சட்டம் போட்டேன்.

“பக்கத்து வீட்ல செய்றத மட்டும் நீங்க செய்யாதீங்க. சினாங் லா, ரொம்ப சுலபம்!” என்று அடுத்த வீட்டு அஞ்சலை அக்காவிடம் சொல்லி, அப்படியே வரிசையாகச் சொல்லச் சொன்னேன்.

யாரும் மீறவில்லை. முதல் வீட்டில் ரசம். அதைப் பார்த்து இரண்டாம் வீட்டில் பாயசம். மூன்றாம் வீட்டுக்கு முதல் வீட்டு அடுப்பு தெரியாது. பாயசம்தானே கூடாது என்று ரசம் வைத்தார்கள். இப்படியே ஏழு வீடும். நான் அப்பளம் பொரித்தேன்.

அம்மா படத்துக்கு முன்னால் இலை போட்டு, சட்டிகளைத் திறந்தோம்.

“சோறு யாரு?” என்றார் அப்பா.

“ஒங்க வூட்லதான் ஆக்குவீங்கன்னு நெனச்சேன்,” என்றார் அஞ்சலை அக்கா.

“நான் ஒங்க வூட்லன்னு நெனச்சேன்க்கா,” என்றேன்.

முதல் வீட்டு கோவிந்தன் அண்ணன் கையை விரித்தார். “சட்டப்படிதான் செஞ்சோம், தங்கச்சி.”

தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அம்மா தினமும் காலையில் கோப்பித் தம்ளரோடு லயத்தின் கடைசி வரைக்கும் நடப்பாள். வம்பு பேசத்தான் போகிறாள் என்று நினைத்திருந்தேன். எட்டு அடுப்பிலும் என்ன வேகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அஞ்சலை அக்கா எழுந்து போய், பிள்ளைகளுக்குக் காலையில் வடித்து மிஞ்சிய சோற்றைக் கொண்டுவந்தார். மற்ற வீடுகளிலிருந்தும் வந்தது. ஒன்று குழைந்தது, ஒன்று அடிப்பிடித்தது, ஒன்று பழைய சோறு. எல்லாம் அம்மா இலையில் ஏறின.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒங்கம்மா இருந்திருந்தா இன்னேரம் ஒன்ன வெளக்கமாத்தால சாத்தியிருப்பா,” என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வருஷம் அஞ்சலை அக்கா பேத்திக்குக் காதுகுத்து. மறுபடி மானம் போகக்கூடாது என்று ஏழு வீட்டிலும் சோறு ஆக்கினார்கள். குழம்பு யாரும் வைக்கவில்லை.

“ஒங்கம்மா செத்ததுக்கு ரசமாவது வந்துச்சு. கொழம்பு வரணும்னா நான் சாவணும்போல இருக்கே!” என்றார் அப்பா. லயமே சிரித்தது. எந்த விசேஷம் வந்தாலும் இன்னமும் அதைச் சொல்கிறார். அவர் சொல்லும்போதெல்லாம் நான் பயந்துபோய், அவர் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுகிறேன்.