செண்பகா நகர்க் குழாய்ச் செலவு பற்றி மாப்பிள்ளைக்கு

நெடுங்கரை, திண்டிவனம் தாலுகா
10-5-1964

மகாராஜஸ்ரீ விழுப்புரம் மாப்பிள்ளை அரங்கநாதன் அவர்களுக்கு, மாமனார் சின்னதுரை எழுதும் ஆசீர்வாதம். இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். மை வருகிறது, அந்த வார்த்தை வரவில்லை. வளைகாப்பு முடித்து அழைத்துவந்த செண்பகம் மட்டும் சுகம். மாப்பிள்ளையை மாமனார் ஒரு சொல் குறைத்துப் பேசக்கூடாது என்பது நம் வழக்கம். அதனால் மரியாதை குறையாமலே வயிற்றெரிச்சலை எழுதுகிறேன்.

தாங்கள் எங்கள் ஊர் எல்லையில் கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லையை வாங்கி, மனைக்கல் நட்டு, என் மகள் பெயரிலேயே 'செண்பகா நகர்' என்று போர்டு மாட்டியபோது நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். பஞ்சாயத்தார் தங்கள் நகருக்கு ரோடு போட்டார்கள், விளக்குக் கம்பம் நட்டார்கள், குழாய் இழுத்தார்கள். திறப்பு விழாவில் மாமனார் என்று மாலை போட்டு என்னையே குழாயைத் திருகச் சொன்னீர்கள். நானும் பல்லை இளித்துக்கினு திருகி, "இந்தத் தண்ணி என்னிக்கும் நிக்காம ஓடணும்" என்று வாழ்த்தினேன். பலித்துவிட்டது. பள்ளத்தில் இருக்கிற தங்கள் நகரில் ஓடுகிறது, மேட்டில் இருக்கிற எங்கள் தெருவுக்கு அன்றோடு ஏறவில்லை. ரெண்டுக்கும் ஒரே மெயின் குழாயாம்! நகரிலோ ஒரு குடித்தனம் கிடையாது. ஆடுதான் விளக்கு வெளிச்சத்தில் படுத்து அசைபோடுகிறது.

இந்தச் செலவுக்காக எங்களுக்கு வீட்டு வரியை வேறு ஏற்றிவிட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவரிடம் போய், "என்னாங்க, ஆட்டுக்கு லைட்டு, எங்களுக்கு வரியா?" என்றேன். "நாம ரோடு, தண்ணி குடுக்கலன்னா பக்கத்து ஊர்க்காரன் குடுத்து நகரை இழுத்துக்கினு பூடுவான். நகர் வந்தா ஊரு வளரும், அப்பறம் வரி தானா வரும். அதுவரைக்கும் நீங்கதான் தாங்கிக்கணும். உங்க மாப்பிள்ளைதானே, உங்களுக்கே பேஜாரா?" என்று சிரிக்கிறார். மனை விற்ற லாபம் தங்களுக்கு, தாங்குவது நாங்களா? தலைப்பிரசவச் செலவு பெண் வீட்டுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு நகர் பிறக்கிற செலவும் பெண் வீட்டுத் தெருவுடையதா?

எதிர்வீட்டுப் பாஞ்சாலி காலிக்குடத்தை வைத்துக்கினு, "செண்பகா வௌங்குமா? எங்க வாயில மண்ணப் போட்டுட்டு அது வௌங்குமா?" என்று வாசலில் நின்று கத்துகிறாள். திட்டுவது நகரை. பெயர் என் பிள்ளையுடைய பெயர். நிறைமாதக்காரி காதில் விழக்கூடாதென்று தங்கள் மாமியார் லட்சுமியம்மாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டே இருக்கிறாள். பெற்ற வயிறு, எப்படி இருக்கும் சொல்லுங்கள்?

ஆகவே ரோடு, விளக்கு, குழாய்ச் செலவு முழுவதையும் தாங்களே பஞ்சாயத்துக்குக் கட்டிவிட வேண்டியது. இல்லாவிட்டால் தங்கள் பேரில் கலெக்டருக்குப் போகிற தெரு மனுவில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். இதில் மாற்றம் கிடையாது.

தங்கள் தாய் தகப்பனாருக்கு எங்கள் விசாரிப்பைச் சொல்லவும். தாங்கள் நீடூழி வாழ வேண்டும், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வர வேண்டும்.

இப்படிக்கு,
சின்னதுரை

பி.கு.: இதை மடிப்பதற்குள் செண்பகம் யாரிடமும் சொல்லாமல் வாசலுக்குப் போய் பாஞ்சாலி கத்துவதையெல்லாம் கேட்டுவிட்டாள். அழவில்லை. "எம்பேருக்குத்தானே தண்ணி வுடறாங்க? அங்கியே போயி பெத்துக்கிறேன், ஒரு கொட்டாய் போடுப்பா" என்று துணிமணியை மூட்டை கட்டிக்கினு உட்கார்ந்திருக்கிறாள். மருத்துவச்சியும் தண்ணீர் இல்லாத வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள். ஆகவே மேலே எழுதியதெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். குழாய்க்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மனை வேண்டும், தாங்கள் சொல்வதே விலை. செண்பகா நகரில் முதல் குடித்தனம் வந்துவிட்டது என்று நோட்டீஸ் போட்டு மீதி மனைகளை விற்றுக்கொள்ளுங்கள். அச்சுக்கூலியையும் நானே கொடுத்துவிடுகிறேன்.