எட்டாம் நம்பர் டோக்கன்

தாமிரபரணிக் கரையில் பிறந்து, தாமிரபரணித் தண்ணீரையே குடித்து வளர்ந்து, ஐம்பத்தோரு வயதுவரை அந்த ஆற்றில் கால் கட்டைவிரலைக்கூட நனைக்காமல் வாழ்ந்து காட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கரை அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருப்பதாகக் கேள்வி. நான் பார்த்ததில்லை.

திருநெல்வேலி டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் உண்டு. ஆள் ஆறடி உயரம். கடைக்கு வந்து சண்டை போடுகிறவனை ஒரே பார்வையில் ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவார். அந்த மனிதர்தான், பஸ் கொக்கிரகுளம் பாலத்தில் ஏறியதும் இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொள்வார்.

"ஏன் அண்ணாச்சி, தண்ணி பஸ்ஸுக்குள்ளயா வந்திரப் போவுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வராதுன்னு நீரு எழுதித் தருவீராவே?"

வீட்டில் குளிப்பதும் சொம்பால் அள்ளி ஊற்றித்தான். தலையில் ஊற்றும்போது கண்ணை மூட மாட்டார். மூடிய நேரத்தில் தண்ணீர் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும் என்பார். சோப்பு நுரை கண்ணில் இறங்கி, வாரத்துக்கு ஒருநாளாவது கண் சிவக்கக் கடையில் உட்கார்ந்திருப்பார். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் வீட்டில் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

இப்பேர்ப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்களோடு குறுக்குத்துறைப் படித்துறைக்கு வருவார். வருவது எங்கள் துணிகளைக் காக்க.

நாங்கள் ஏழு பேர் குளிக்கிற கூட்டம். பாத்திரக்கடை சுப்பையா, பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் ஜெபராஜ் சார், நான், இன்னும் நான்கு பேர். படிக்கு மேலே இருந்த கல்மண்டபம்தான் அண்ணாச்சியின் அலுவலகம். சட்டை, வேட்டி, போன், பைக் சாவி, கண்ணாடி என்று அவரவர் உருப்படியைத் தனித்தனி மூட்டையாகக் கட்டி, மேலே கல் வைத்து, ஆளுக்கொரு டோக்கன் கொடுப்பார். நம்பர் அச்சடித்து லேமினேஷன் செய்த டோக்கன். அதைத் திருப்பிக் கொடுக்காமல் ஒரு பனியனைக்கூட வாங்க முடியாது.

"அண்ணாச்சி, குளிருதுவே, சட்டையக் கொடும்."

"டோக்கன்?"

"ஆத்தோட போயிட்டு. என்னைத் தெரியாதாவே உமக்கு? ஒரே தெருவுல்லா!"

"தெரியும். ஆனா டோக்கன் இல்லையே."

சுப்பையா ஒருமுறை ஈரத் துண்டோடு அரைமணி நேரம் நின்று, 'மூன்றாம் நம்பர் மூட்டை என்னுடையதுதான்' என்று வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சட்டை கிடைத்தது. சாட்சிக் கையெழுத்து ஜெபராஜ் சார்.

போன் அடித்தால் எடுத்துப் பேசுவதும் அவர்தான். பொய் என்பது அவர் வாயில் வராது. சுப்பையா வீட்டில் ஒரு தடவை, மாமனாரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆற்றுக்கு வந்திருந்தான். அவன் மனைவி போன் செய்தாள். "சுப்பையாவா? இங்கன குறுக்குத்துறையில முங்கிட்டுக் கெடக்கான்மா. நல்லாருக்கான். மாமனாரா? அவரு இங்கன வரலியே" என்று அண்ணாச்சி விளக்கமாகச் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க சுப்பையாவுக்கு வீட்டில் பழைய சோறுதான்.

இருந்தாலும் அவர் இல்லாமல் எங்களுக்குக் குளியல் கிடையாது. அதனால்தான், தைப்பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமி, "நான் நீச்சல் படிக்கலாம்னு இருக்கேன்வே" என்று சொன்னபோது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பகீரென்றது.

"நீரு தண்ணிக்குள்ள இறங்கிட்டா துணிய யாருவே பாக்க?" என்று சுப்பையா மனதில் இருந்ததை அப்படியே கேட்டுவிட்டான்.

அன்று மாலை டீக்கடையில் அவசரக் கூட்டம் போட்டோம். அண்ணாச்சியின் பயத்தை எப்படியாவது காப்பாற்றியாக வேண்டும் என்று ஏகமனதாக முடிவானது. ஆளுக்கொரு கதை சொல்லிப் பயமுறுத்துவது திட்டம். மறுநாளே அண்ணாச்சி கடைக்குப் போனோம். சுப்பையா சுழலைப் பற்றிச் சொன்னான். ஜெபராஜ் சார் ஒரு மனித நுரையீரல் நிரம்ப எத்தனை டம்ளர் தண்ணீர் வேண்டும் என்று கரும்பலகைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவன் நான்தான். சீவலப்பேரிப் பக்கம் ஆற்றில் அடியே காண முடியாத ஒரு கசம், அதாவது ஆழமான பள்ளம் இருக்கிறது என்றும், அதில் விழுந்த எருமை மூன்று மாதமாக இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்றும் சொன்னேன்.

அண்ணாச்சி முகம் வெளுத்துவிட்டது. கடை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, அந்த எருமைய விடும். ஒண்ணு சொல்லுதேன், கேளும்."

அவர் மனைவி தங்கம் மதினி ஒன்றாம் வகுப்பு டீச்சர். பிறந்த ஊர் முக்கூடல். வீட்டு வாசலில் இறங்கினால் ஆறு. கல்யாணத்துக்கு முன்னால் நடு ஆற்றுப் பாறைவரை நீந்திப் போய், மேலே உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுவிட்டுத் திரும்பி வருகிற பெண் என்று ஊரே சொல்லும். பொங்கலுக்கு அங்கே போனபோது அக்கா தங்கைகள் எல்லாரும் ஆற்றில் குதித்திருக்கிறார்கள். மதினி மட்டும் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தாராம். தங்கச்சி கூப்பிட்டதற்கு, "நான் இறங்குனா இவுக கரையில நின்னு பதறுவாக, நீ போ" என்று சொன்னது அண்ணாச்சி காதில் விழுந்துவிட்டது.

"இருபத்துநாலு வருசம்வே. அவ ஆத்துல இறங்கவே இல்ல. என்னைக் கொறையும் சொல்லல. சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். நான் கரையில ஒங்க துணியக் காத்தேன். அவ என் பயத்தக் காத்துக்கிட்டு இருந்திருக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோப்பு நுரை இல்லாமலே கண் சிவந்திருந்தது. "சித்திரையில அவ ஊர்க் கோயில் கொடை. அதுக்குள்ள அந்தப் பாறை வரைக்கும் நான் போயிரணும். அவட்ட சொல்லிராதீரு."

அந்த எருமைக் கதைக்காக இன்றுவரை எனக்கு வெட்கம்தான். அந்த இடத்திலேயே கட்சி மாறிவிட்டேன். மற்றவர்களும்தான்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி ஆயத்தமாக வந்தார். இடுப்பைச் சுற்றி நான்கு காலி எண்ணெய் கேன். காதில் பஞ்சு. மூக்கில், கடையில் காகிதம் கவ்வ வைக்கிற கிளிப். கழுத்தில் நீச்சல் விதிகள் பதினான்கு, லேமினேஷன் செய்து, ஸ்பைரல் போட்டது. "நனையாதுவே" என்றார் பெருமையாக. ஒன்பதாவது விதி: பயப்படக் கூடாது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

வாரத்துக்கு ஒரு படி என்பது அவர் திட்டம். முதல் வாரம் கணுக்கால். அதற்கே என் கையை அவர் பிடித்த பிடியில் மறுநாள் அலுவலகத்தில் என்னால் பேனா பிடிக்க முடியவில்லை. ஐந்தாம் வாரம் இடுப்பு. ஏழாம் வாரம் நெஞ்சு. அங்கே நின்றுகொண்டு விதிப் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துச் சத்தமாகப் படிப்பார். விதிகள் மனப்பாடமாகிவிட்டன. காலைத் தரையிலிருந்து எடுப்பது மட்டும் நடக்கவில்லை.

மூட்டைகளை நாங்கள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டோம். பார்த்துக்கொண்ட லட்சணம், எட்டாம் வாரம் ஒரு நாய் சாவகாசமாக மண்டபத்தில் ஏறி மூன்றாம் நம்பரைக் கவ்வியது. காவல் முறை என்னுடையது. நான் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, நாயி! நாயி! மூணாம் நம்பர்லே!" என்று ஆற்றுக்குள்ளிருந்து ஒரு அலறல். திரும்பினால் அண்ணாச்சி வந்துகொண்டிருக்கிறார். நடந்து இல்லை. கையை வீசி, காலை அடித்து, நெஞ்சளவுத் தண்ணீரிலிருந்து படி வரைக்கும் நீந்தியே வந்துவிட்டார். நாயைத் துரத்தி, சுப்பையா வேட்டியை மீட்டு, மடித்து, கல் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அப்புறம்தான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கே உறைத்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் மறுவாரமே வில்லங்கம் தெரிந்தது. அவருக்கு நீச்சல் ஒரு பக்கம்தான் வந்தது. சுப்பையாவும் சாரும் கைத்தாங்கலாகக் கழுத்தளவுக்குக் கொண்டுபோய் விட்டால், எண்ணெய் கேன் கூட இல்லாமல் விர்ரென்று கரைக்கு வந்துவிடுவார். கரையிலிருந்து ஆற்றைப் பார்த்துப் போகச் சொன்னால் இரண்டு கை வீசியதும் கழுத்து தானாகத் திரும்பி மூட்டைகளைப் பார்க்கும். உடம்பும் பின்னாலேயே திரும்பிவிடும். என்னென்னவோ செய்து பார்த்தோம். அதற்குள் சித்திரை வந்துவிட்டது.

கொடைத் திருவிழாவுக்கு எங்கள் ஏழு பேரையும் அண்ணாச்சி முக்கூடலுக்கு அழைத்திருந்தார். காலையில் ஆற்றுக்குப் போனோம். மதினி வழக்கம்போலப் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி சட்டை, வேட்டியைக் கழற்றி, மடித்து, கண்ணாடியோடு என்னிடம் நீட்டினார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கொடுத்த முதல் துணி. அவர் கையில் புத்தம்புதிய டோக்கன் ஒன்று. நம்பர் எட்டு.

"நமக்கும் ஒண்ணு போட்டுட்டேன்வே. பத்திரமாப் பாத்துக்கிடும்."

"என்னங்க செய்யுதீக? என்னங்க இது?" என்று மதினி பதறி எழுந்தார். அதற்குள் அண்ணாச்சி தண்ணீரில் இறங்கிவிட்டார். இரண்டு வீச்சு. திரும்பிவிட்டார். மறுபடி போனார். திரும்பிவிட்டார். மூன்றாம் தடவை துறையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். படியில் கையை ஊன்றி நின்று, தலையைக் குனிந்தபடி, "முடியலவே" என்றார்.

நான்தான் மதினியிடம் போட்டு உடைத்தேன். தைமாதம் முதல் நடந்ததையும், இப்போதிருக்கும் கோளாறையும் சொன்னேன். "துணி இருக்க பக்கந்தான் இவருக்கு நீச்சல் வரும், மதினி."

மதினி சிரிக்கவில்லை. அவரைப் பார்த்தார். ஒன்றாம் வகுப்பில் அழுகிற பிள்ளைகளைப் பார்க்கிற பார்வையாக இருக்க வேண்டும். பிறகு என் கையிலிருந்த சட்டையை வாங்கினார். வேட்டி, கண்ணாடி எல்லாவற்றையும் சேர்த்துத் துண்டில் இறுக்கிக் கட்டித் தலையில் வைத்தார். சேலையை வரிந்து செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். இருபத்துநான்கு வருடம் கழித்து இறங்குகிறவர் மாதிரியே இல்லை. தலை ஆடவில்லை, மூட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. பாறையில் ஏறி உட்கார்ந்து, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கத்தினார்.

"ஏங்க! சட்டை வேணும்னா டோக்கனைக் கொண்டாங்க!"

அண்ணாச்சி நிமிர்ந்தார். டோக்கனை வாயில் கவ்விக்கொண்டார். கிளம்பிவிட்டார். ஒரு பக்கம் சுப்பையா, மறுபக்கம் ஜெபராஜ் சார். "பைய வாரும்வே, பைய, நாங்க இருக்கோம்லா" என்று சுப்பையா சொல்லிக்கொண்டே போனான். மற்றவர்கள் துணியோடு நான் கரையில் நின்றேன். தண்ணீரில் போகிறவரைவிடக் கரையில் நிற்கிறவனுக்குத்தான் உயிர் போகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "பைய! அங்கன ஆழம்! பைய!" என்று நான் போட்ட சத்தத்தில் கோயில் மேளமே நின்றுவிட்டதாக ஊரில் இன்னும் சொல்கிறார்கள். பாதியில் ஒருதரம் தலை உள்ளே போனது. வெளியே வந்தபோது வாயில் டோக்கன் இருந்தது.

பாறையைத் தொட்டார். மதினி டோக்கனை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, நம்பரைச் சரிபார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கொடுத்தார். ஈர உடம்பில் அதைப் போட்டுக்கொண்டு அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். கரைக்குக் கேட்கவில்லை. மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்தது மட்டும் தெரிந்தது. திரும்பி வருவதற்கு மூட்டையை மறுபடியும் மதினிதான் தலையில் தூக்க வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்.

இப்போது மூட்டை தேவைப்படுவதில்லை. மதினி முன்னால் போனால் போதும். ஞாயிறு காலையில் குறுக்குத்துறையில் அந்த இரண்டு தலைகளும் ஆற்றில் அக்கரைப் பக்கம் போவதைப் பார்க்கலாம். துணி காக்கிற வேலை என்னிடம் வந்துவிட்டது. மற்ற ஆறு பேரிடமும் நான் படு கறார். எட்டாம் நம்பர் சட்டையை மட்டும் வெயில் படுகிற கல்லில் மடித்து வைத்து, சூடாகக் கொடுக்கிறேன். அதற்கு டோக்கன் கேட்பதில்லை.