ஐஸ் பெட்டிக்குள் ஒரு லேப்டாப்

சித்தூரில் பெட்டி அண்ணனைத் தெரியாத வீடும் கிடையாது, பெட்டி அண்ணனை விருந்துக்குக் கூப்பிட்ட வீடும் கிடையாது. அவர் பார்க்கும் தொழில் அப்படி. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை இறந்தவரைக் கெடாமல் வைத்திருக்க, கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டியை வாடகைக்கு விடுகிறவர். ஊர் அதை ஐஸ் பெட்டி என்றது, அவரைப் பெட்டி அண்ணன் என்றது. சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதை விசாரிக்கிற மனநிலையில் யாரும் அவருக்குப் போன் செய்ததில்லை.

அவருக்குப் பக்கத்துப் போர்ஷனில் நான் குடியிருந்தேன். தனியாக இருக்கிற பெண்ணுக்கு அந்த வட்டாரத்திலேயே வீடு கொடுக்கச் சம்மதித்தவர் ஒரே ஒரு வீட்டுக்காரர்தான். ஏன் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தார் என்பது சாவி கைக்கு வந்த பிறகுதான் விளங்கியது. என் கட்டில் ஒட்டியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் ஷெட். அதில் வரிசையாகப் பெட்டிகள்.

எனக்குத் திருப்பதியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தபடியே. கட்டப் போகிற அபார்ட்மென்டைக் கட்டி முடித்த மாதிரி வீடியோவில் காட்ட வேண்டும். ஒரு லோடு மணல்கூட இறங்காத இடத்தில் நீச்சல் குளம் வைப்பேன், குளத்தோரம் தென்னை வைப்பேன், தென்னையைக் காற்றில் ஆட்டுவேன். இதற்குச் சாதாரண லேப்டாப் தாங்காது, கேமிங் லேப்டாப் வேண்டும். கீபோர்டுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிகிற ரகம். ஒருநாள்கூட நான் அதில் கேம் ஆடியதில்லை. இதை என்னைப் பெற்ற நைனாவே நம்பவில்லை.

வீடியோவை அது ஒவ்வொரு படமாகத் தீட்டி எடுப்பதற்கு ரெண்டர் என்று பெயர். ரெண்டர் ஆரம்பித்தால் உள்ளே இருக்கிற இரண்டு ஃபேனும் சேர்ந்து ஊளையிடும். நான் நகரியில் பவர்லூம்களுக்கு நடுவே வளர்ந்தவள், சத்தம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. சத்தம் சட்டென்று நிற்பதுதான் பயம். சூடு எல்லை மீறினால் அந்த லேப்டாப் ஒரு வார்த்தை சொல்லாமல் அணைந்துபோகும். சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் ஒரு காதை அதன் மேலேயே வைத்திருந்தேன்.

அந்த மே மாதத்தில் அது ஏற்கெனவே இரண்டு முறை காலை வாரியிருந்தது. இன்னொரு வீடியோ தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலை போனால் நேராக நகரிக்கு வந்துவிட வேண்டும் என்று நைனா சொல்லிவிட்டார். அங்கே எனக்காக ஒரு மாப்பிள்ளை காத்திருந்தார். அவரைப் பற்றி நைனா எனக்குச் சொன்ன ஒரே விஷயம், பன்னிரண்டு தறிக்குச் சொந்தக்காரர் என்பதுதான். அவருக்கு மீசை உண்டா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

பெட்டி அண்ணன் முதன்முதலாக என் கதவைத் தட்டியது இந்தக் கவலைகளுக்கு நடுவில்தான். ஐம்பது வயது, ஒல்லி, தோளில் துண்டு. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் கதவுக் கொண்டியைப் பார்த்துப் பேசினார்.

"கம்ப்ரசரு எங்கம்மா வாங்கின?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நானும் நாலு நாளா செவுத்துல காத வச்சிக் கேட்டுக்கினுதான் கீறேன். பழைய கம்ப்ரசரும்மா அது, ஒன்ன நல்லா ஏமாத்திட்டாங்க. இந்தத் தெருவுல ரெண்டு பேரு இந்தத் தொழிலு பண்ணா ரெண்டு பேருக்குமே கட்டுப்படியாவாது."

நான் போட்டியாக ஐஸ் பெட்டிக் கடை வைத்துவிட்டேன் என்று நான்கு நாட்களாகத் தூங்காமல் இருந்திருக்கிறார் மனிதர். லேப்டாப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் ஓட்டிக் காட்டிய பிறகும் சந்தேகம் தீரவில்லை. கட்டிலுக்கு அடியில் ஏதும் இருக்கிறதா என்று வாசலில் நின்றபடியே குனிந்து பார்த்தார். பிறகு காற்று வெளியே வருகிற துளைகளில் காதை வைத்துக் கேட்டார். பயம் போய்விட்டது. அதற்குப் பதில் கோபம் வந்துவிட்டது.

அவருடைய வாழ்க்கைப் பெருமையே சத்தமில்லாத பெட்டிதான். சாவு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கலாம், பெட்டிச் சத்தம் கேட்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஆறடி ஆளைக் குளிர வைக்கிற பெட்டியே மூச்சு விடாமல் ஓடும்போது, முறத்தில் பாதிகூட இல்லாத ஒரு சாமானுக்கு இவ்வளவு கூச்சல் எதற்கு என்று என்னைக் கேட்டார். நான்தான் அதைச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிற மாதிரி கேட்டார்.

ஒரு பெட்டி வெளியே போவதற்கு முன்னால் அவரே அதற்குள் படுத்துப் பார்ப்பார். கண்ணாடியை மூடச் சொல்லி, கையை நெஞ்சின் மேல் கட்டிக்கொண்டு, பத்து நிமிஷம். குளிர் சரியா, தலைமாட்டில் அதிர்கிறதா, ஃபேன் முனகுகிறதா என்று உள்ளேயிருந்தே தெரிந்துகொள்ள வேண்டுமாம். படுத்துப் போகிறவர் திரும்பி வந்து குறை சொல்லப் போவதில்லையே, அதனால் நாம்தான் பார்க்க வேண்டும் என்பார். ஒருமுறை கேஸ் சிலிண்டர் போட வந்தவர் ஷெட் வழியாக எட்டிப் பார்த்தபோது அண்ணன் பரிசோதனை முடிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து என் சிலிண்டரைத் தெருமுனையில் இறக்கி வைத்துவிட்டுப் போனில் சொல்லிவிடுகிறார்கள். நான்தான் உருட்டிக்கொண்டு வருவேன்.

அப்படிப்பட்டவர் என் லேப்டாப்புக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். தினமும் காலையில் வந்து, "காய்ச்ச எவ்ளோ கீது?" என்பார். திரையின் மூலையில் சூட்டைக் காட்டுகிற எண் தொண்ணூற்றைந்து என்று சொன்னால் அவர் முகம் வெளுத்துவிடும். எனக்கு ஒரு பயம் என்றால் அவருக்கு ஒன்பது பயம். கரண்ட் ஏறி இறங்குமோ, பேட்டரி வெடிக்குமோ, வெடித்தால் சுவர் தாங்குமோ. அவர் போன பிறகு அந்த ஒன்பதும் என்னிடம் தங்கிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை என் பேச்சைக் கேட்காமல் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினார். பெட்டிகளைத் துடைக்கிற பிரஷ்ஷால் உள்ளே சுத்தம் செய்தார். ஒரு பூனைக்குட்டி அளவுக்குப் பஞ்சும் தூசியும் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் தண்ணீர் கொண்டுவர உள்ளே போன நேரத்தில் இரண்டு ஃபேனுக்கும் தையல் மிஷின் எண்ணெய் விட்டுவிட்டார். மாட்டி ஓட்டியதும், "பாத்தியா, பாதி சத்தம் போச்சி" என்று பெருமையாகச் சொன்னார். உண்மைதான். இரண்டு ஃபேனில் ஒன்று நின்றுபோயிருந்தது.

திருப்பதி சர்வீஸ் சென்டரில் ஃபேன் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு பில்டருக்கு வீடியோ காட்ட வேண்டும். பெட்டி அண்ணன் புதன்கிழமை முழுக்க என் கண்ணிலேயே படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டே இருந்தது மட்டும் கேட்டது.

வியாழன் விடிந்தது. எட்டு மணிக்கே வெயில் சுட்டது. ஒற்றை ஃபேனோடு ரெண்டர் போட்டால் கால் மணிக்கு ஒருமுறை லேப்டாப் அணைந்தது. அணைய அணைய எழுப்பி, விட்ட படத்திலிருந்து மறுபடி ஓட்டினேன். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ அணைந்தபோது வாசலில் அண்ணன் நின்றார்.

"பொட்டில வச்சிடலாம்மா."

முடியவே முடியாது என்றேன். இது மட்டும் நைனா காதுக்குப் போனால் வேலை இருந்தாலும் என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவார். அண்ணன் வாதாடவில்லை. குளிரைக் குறைத்து வைக்கலாம், தண்ணீர் கோக்காது, பெட்டி இன்றைக்கு பினாயில் போட்டுக் கழுவியது என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே நின்றார். மணியைப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் என் லேப்டாப் கண்ணாடிப் பெட்டிக்குள், வெள்ளை விரிப்பின் நடுவில், சிவப்பு விளக்கு எரிய நீட்டிப் படுத்திருந்தது. சார்ஜர் ஒயருக்காக மூடியில் ஒரு விரல் இடைவெளி விட்டுத் துணி செருகினோம்.

குறை சொல்லக் கூடாது, சூட்டு எண் எழுபதுக்கு இறங்கியது. ஊளை அடங்கியது. நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியில் முகத்தைப் பதித்தபடி, முடிந்த சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி படிந்தால் துப்பட்டாவால் துடைத்தேன். என் கோலத்தைத் தெருவிலிருந்து பார்த்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஷெட் வாசலுக்கு வந்தார். வயது என்ன என்று கேட்டார். அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மூணு வருசங்கூட ஆவல" என்றார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்கு அண்ணனின் போன் அடித்தது. பக்கத்தில் புத்தலப்பட்டில் ஒருவர் காலமாகிவிட்டார், மகள் பெங்களூரிலிருந்து வர சாயங்காலம் ஆகும். அந்த வெயிலில் மற்றப் பெட்டிகளெல்லாம் ஏற்கெனவே வெளியே போயிருந்தன. ஷெட்டில் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். "கீதுங்க. இதோ கெளம்பிக்கினே கீறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார். சாவு வீட்டுக்கு இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை.

வைத்த பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து முறுக்கினார். பெட்டியைப் பார்த்தார், மேலே தகரத்தைப் பார்த்தார்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா?"

"ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரம்" என்று திருப்பிச் சொன்னார். வெளியே எடு என்று அவர் கேட்கவில்லை. எண்ணெய் விட்டவர் அவர்தானே, எந்த வாயால் கேட்பார். அண்ணன் மேல் கோபம், நைனா மேல் கோபம், பார்த்தே இராத பன்னிரண்டு தறிக்காரர் மேல் கோபம், பார்த்துப் பார்த்து வியாழக்கிழமை கண்ணை மூடிய புத்தலப்பட்டுக்காரர் மேலும் கோபம். ஆனால் அங்கே யாரோ ஒருவருடைய அப்பா தரையில் கிடந்தார், சுற்றி விசிறிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கோபத்தோடேயே மூடியைத் திறந்து லேப்டாப்பைத் தூக்கினேன். எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

போனாரா? இல்லை. பரிசோதனை பாக்கி இருந்தது. என் வேலை போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் மனிதர் நிதானமாகச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள் ஏறிப் படுத்தார். அடிக்கலாம் போலிருந்தது எனக்கு. படுத்தவர் இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினார்.

"அத்த இப்பிடிக் குடு. நான் படுத்துக்கினு கீற வரைக்கும் அதுவும் ஓடட்டும்."

அவர் வயிற்றின் மேல் லேப்டாப்பை வைத்துக் கண்ணாடியை மூடினேன். பத்து நிமிஷம். பிணம் மாதிரி அசையாமல், கண்ணை மட்டும் சாய்த்துச் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு அவர் படுத்திருந்த காட்சியை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று எனக்கு அழுகைதான் வந்தது.

வண்டி போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்து இட்லித் தட்டுகளைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்து, டேபிள் ஃபேனை நேராக நிறுத்தினேன். ஓடியது, அணைந்தது, எழுப்பினேன், ஓடியது. நடுநடுவே அண்ணன் சாவு வீட்டிலிருந்து போன் செய்தார். பின்னால் ஒப்பாரி. அதற்கு அடியில் கிசுகிசுவென்று அவர் குரல்: "முடிஞ்சதா?" இல்லை என்றால் வைத்துவிடுவார். மறுபடியும் செய்வார். மேனேஜரும் செய்தார், ஆனால் அவர் கிசுகிசுக்கவில்லை.

இரண்டு மணிக்கு மேனேஜர் பெயர் மறுபடி திரையில் வந்தபோது, நகரிக்கு எந்த ரயிலில் போவது என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன். அவர் தெலுங்கில் கொதித்தார். கொதித்தது என் மேல் இல்லை. பில்டர் நேரத்துக்கு வந்துவிட்டாராம், காலண்டரைப் பார்த்தாராம், வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று ராகு காலம், அந்த நேரத்தில் புது வீட்டைப் படத்தில்கூடப் பார்க்க மாட்டேன் என்று காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். மேனேஜருக்கு அவரைத் திட்ட முடியாத கோபத்தில் என்னைத் திட்ட மறந்துபோனது. ராகு காலத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு நேசித்ததில்லை.

மூன்று அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வீடியோ போய்ச் சேர்ந்தது. அண்ணனைக் கூப்பிட்டு முடிந்துவிட்டது என்றேன். அவர் இருக்கிற இடத்தை மறந்துவிட்டார். "அப்பாடா, முடிஞ்சிடுச்சி" என்று வாய்விட்டுச் சொன்னது எனக்கே காதைத் துளைத்தது. புத்தலப்பட்டில் ஒப்பாரி நின்றது. எல்லோரும் அவரையே பார்த்திருப்பார்கள். அந்த அமைதியில் நான் காதைத் தீட்டிக் கேட்டேன். பெட்டிச் சத்தம் துளிகூடக் கேட்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணன் வந்தார். மகள் வந்து சேர்ந்துவிட்டாள், அப்பாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள் என்று சொன்னார். என் வேலைக்கு ஆபத்தில்லை என்று நான் சொன்னேன். காபி கொடுத்தேன். சூடு ஆறும்வரை டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "எண்ண உட்டவன் நாந்தாம்மா" என்றார். ஆமாம், நீங்கள்தான் என்றேன்.

டம்ளரை வைத்துவிட்டு இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"வரேம்மா."

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் 'வரேன்' என்று சொல்வதில்லை. அந்த வீடுகளுக்கே போய்ப் போய் அவருக்கு அந்தச் சொல்லே விட்டுப்போயிருந்தது. டீக்கடையிலிருந்தும் பேசாமல்தான் எழுந்து போவார். அன்று எப்படியோ வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவரே பயந்துபோய், நான் என்ன நினைப்பேனோ என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கும் வாங்கண்ணா" என்றேன்.