கப்டனின் ஆட்டுக்குப் பெயர் உண்டு

பென்டில் ஹில்,
புதன்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் கோபாலகிருஷ்ணன் அவர்களுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீங்களும் ஸ்பிரிங்வேலில் முழங்கால் நோகாமல் நடந்து திரிகிறீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் தங்கச்சி பத்து நாளாக உங்கள் வீட்டில் இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை என் புத்தக வெளியீடு. அதற்குள் அவவை விமானம் ஏற்றி அனுப்புவது தமையனாகிய உங்கள் கடமை. என்னில் ஒரு பிழையும் இல்லை என்று காட்டவே இதை எழுதுகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தில் நான் கிளாக்கராக இருந்தபோது சுவரில் ஒரு பழைய கடல் வரைபடம் தொங்கியது உங்களுக்குத் தெரியும். அதை வரைந்த கப்டன் அல்டர்லி, பதின்மூன்று வயதில் கடற்படையில் சேர்ந்து, பாதி உலகத்தின் கரையை அளந்து, ஏழு புத்தகம் எழுதி, கடைசியில் இங்கே சிட்னியில் கண்ணை மூடியவர் என்று பென்சன் எடுத்த பிறகுதான் அறிந்தேன். விடுவேனா? அவரைப் பற்றித்தான் புத்தகம், நாலு வருடம் அவரோடுதான் சீவியம். சாப்பாட்டு மேசை முழுக்க அவருடைய வரைபடம் கிடந்ததால் நாங்கள் குசினிக் கதிரையில் இருந்து சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். குழாய் ஒழுகுது என்று உங்கள் தங்கச்சி சொன்னால், புயலில் ஓட்டை விழுந்த கப்பலைக் கப்டன் எப்படி அடைத்தார் என்று விளக்குவேன். குழாய் இன்னும் ஒழுகுகிறது. எனக்குக் கணினியில் தமிழ் அடிக்க வராது, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் அவதான் அடித்துத் தந்தா. ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டில் ஒரு சண்டையும் இருக்கவில்லை.

பிறகு அழைப்பிதழ் அச்சாகி வந்தது. ஒருவரையும் விடவில்லை. தலைமை, வரவேற்புரை, ஆய்வுரை, முதற்பிரதி பெறுபவர் டொக்டர் சிவபாலன், மங்கள விளக்கேற்ற 'திரு. திருமதி வரதராஜா'. புத்தக முன்னுரையில் நூலகத்துப் பிள்ளை முதல் பரமட்டாவில் எனக்குக் கண்ணாடி செய்து தந்த சுதர்சன் வரை நன்றி சொல்லியிருக்கிறேன். உங்கள் தங்கச்சி இரண்டையும் ஆறுதலாக வாசித்துப்போட்டு ஒன்றே ஒன்று சொன்னா.

"கப்டன்ர ஆட்டுக்கும் பேர் இருக்கு, என்ன?"

எனக்கு எவ்வளவு சந்தோசம்! பாலுக்காகக் கப்பலில் வளர்த்த ஆடு அது. பெயர் பெற்சி. ஏழு புத்தகத்திலும் நாற்பத்தொரு இடத்தில் வருகிறது. அது கப்டனின் தொப்பியைத் தின்ற கதையோடு சேர்த்து அரை மணித்தியாலம் விளக்கினேன். அடுத்த நாள் காலை உடுப்புப் பெட்டியோடு நின்றா. ஃபிரிட்ஜில் திங்கள், செவ்வாய் என்று எழுதி ஒட்டிய பத்துச் சாப்பாட்டுப் பெட்டி. இன்றைக்குக் கடைசிப் பெட்டி, கத்தரிக்காய்க் கறி. மகள் வினுஷாவிடம் போனில் முறையிட்டேன். "அப்பா, ஆர் யூ சீரியஸ்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

கப்டனிலும் எனக்கு இப்போது கோபம். அவருடைய மனைவி முப்பது வருடம் கரையில் காத்திருந்தவ, ஏழு புத்தகத்தையும் கையால் படியெடுத்துக் கொடுத்தவ. அந்தப் புத்தகங்களிலோ 'வீட்டார்' என்று இரண்டே இடத்தில் வருகிறா. பெயர் இல்லை. நான் மூன்று கிழமை தேடிக் கல்லறைப் பதிவேட்டில் கண்டுபிடித்தேன், ஹன்னா என்று. என்ன மனுசன் மச்சான் இந்த ஆள்? ஒரு சொல் எழுதினால் கை முறிந்து போயிடுமோ?

ஆகவே உங்கள் தங்கச்சிக்குப் புத்தி சொல்லி உடனே அனுப்பிவையுங்கள். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்லூரான் துணை நிற்கட்டும்.

இங்ஙனம்,
குற்றமற்ற
வரதராஜா

பி.கு.: கடித உறையை ஒட்டுவதற்கு முன் ஒருதரம் வாசித்துப் பார்த்தேன். மச்சான், ஆட்டுக்குப் பெயர் இருக்கிறது. கப்டன் மனைவிக்கு இருக்கிறது. கண்ணாடிக்காரனுக்கும் இருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. மேலே எழுதியதில் ஒன்றையும் அவவுக்குச் சொல்ல வேண்டாம். முன்னுரையை இனி மாற்றேலாது, புத்தகம் கட்டி முடிந்துவிட்டது. ஒவ்வொரு பிரதியிலும் முதல் பக்கத்தில் பேனையால் அவ பெயரை எழுதுகிறேன், நூற்றுப் பன்னிரண்டு பிரதி முடிந்தது. டொக்டரிடம் முதற்பிரதி பெறும் உரிமையைத் திருப்பிக் கேட்டேன். "ஓம், அது அவவுக்குத்தானே" என்றார். இதைத் தபாலில் போடவில்லை, கையில் கொண்டு வந்திருக்கிறேன். நீங்கள் வாசித்து முடிக்கும்வரை வாசலில்தான் நிற்பேன். அவவைக் கூப்பிட வேண்டாம். முப்பத்தெட்டு வருடமாக 'இஞ்சேரும்' என்றே கூப்பிட்டவன், இன்றைக்கு நானே கூப்பிடுகிறேன்: சந்திரகலா.