ஸ்பீக்கர் சோதிக்கும் ஆல்பங்கள்

சபை மாதப் பத்திரிகையின் ஆசிரியரும், என்னைக் கேட்காமலே என் அப்பாவுக்கு அண்ணனாகப் பிறந்தவருமான பெரியப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே ஸ்பீக்கர்கள் நலம், நான் நலமில்லை. உங்கள் மூட்டுவலி எப்படி என்று கேட்பது முறை, கேட்டாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன்.

'ஓர் இசைக்கலைஞனுக்குப் பிடித்த ஐந்து கிறிஸ்தவ ஆல்பங்கள்' என்று ஒரு பக்கம் கேட்டீர்கள். சவுண்ட் இன்ஜினியர், பேஸ் கிட்டாரும் வாசிப்பான், வீட்டுப் பையன், மாட்டேன் என்று சொல்ல மாட்டான். எழுதியும் வைத்தேன். நான் வேலைக்குப் போயிருந்தபோது வந்து, கீபோர்டுக்கு அடியில் இருந்த அந்தத் தாளை விட்டுவிட்டு, சவுண்ட் மிக்சரில் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். அது ஸ்பீக்கர் சோதிக்கிற பட்டியல், பெரியப்பா! எந்த ஆல்பத்தில் என்ன கோளாறு என்று குறித்திருப்பேன். அந்தக் கோளாறு தெளிவாகக் கேட்டால் ஸ்பீக்கர் நல்லது. தலைப்பு எழுதாதது உன் தப்பு என்பீர்கள். மிக்சரில் ஒட்டுகிற தாளுக்கு எவனாவது தலைப்பு எழுதுவானா?

சரி, எடுத்ததுதான் எடுத்தீர்கள், அப்படியே போட்டுத் தொலைத்திருக்கலாம். முதல் ஆல்பத்துக்கு நான் எழுதியது: 'பாட்டு முழுக்க உஸ்ஸென்று இரைச்சல்.' அச்சில் வந்தது: 'பாடல் முழுவதும் பரிசுத்த ஆவியானவரின் அசைவாடுதல்.' அதே ஆல்பத்துக்கு 'டிரம்ஸ் பிந்துகிறது' என்றால் 'கர்த்தருக்குக் காத்திருக்கும் பொறுமை'யாம். 'மூன்றாம் நிமிடம் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள்' என்றால் 'மூன்றாம் நிமிடத்தில் கேட்பவர் எழுந்து நிற்பார்'! போன் போட்டுக் கேட்டால், "நீ எப்பவும் முள்ளாவே எழுதுவடா, பெரியப்பா கொஞ்சம் பூ வெச்சேன்" என்கிறீர்கள். நல்லா வெச்சீங்க, என் காதுல!

அந்த முதல் ஆல்பம் யாருடையது? நம் சபைப் பாடகர் குழுவை நடத்தும் குவயர் மாஸ்டருடையது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒத்திகையில் எல்லார் முன்னாலும், "ஐயா, இதுல பாட்டக் காட்டிலும் இரைச்சல் ஜாஸ்தி" என்று சொல்லித் தொலைத்தேன். அதற்காகத்தானே, அவர் மகளை எனக்குப் பெண் கேட்டுப் போன அப்பாவை ஒரு டம்ளர் தண்ணீரோடு திருப்பி அனுப்பினார்? இப்போது அச்சடித்துக் கிண்டல் செய்கிறேன் என்றுதானே நினைப்பார்? காலையில் அவள் போனில் அழுகிறாள். "அப்பா பத்திரிகைய மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள அங்கயும் இங்கயும் நடக்கிறாரு. ரெண்டு வருஷமா கல்லக் கரைச்சுக்கிட்டு இருக்கேன். நீயும் உங்க பெரியப்பாவும் சேந்து ஒரே பக்கத்துல கவுத்துட்டீங்க." பத்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார். "சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. பேசணும்." வைத்துவிட்டார்.

என் நிஜமான பட்டியலில் முதலில் இருந்தது என்ன தெரியுமா? வாத்தியமே இல்லாமல் நாலே குரல்கள் பாடும் ஆல்பம். கடைசிச் சரணத்துக்கு முன் நாலு பேரும் ஒன்றாக மூச்சிழுப்பார்கள். அந்த மூச்சைக் கேட்கவே மூன்று ஹெட்போன் மாற்றினேன். அந்தத் தாள் கீபோர்டுக்கு அடியிலேயே கிடக்கிறது.

ஆகவே அடுத்த இதழில், முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில் மறுப்புப் போட வேண்டும். அது இரைச்சல், இரைச்சல்தான், இரைச்சலைத் தவிர வேறில்லை. போடாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை சபையில் நீங்கள் அறிவிப்பு வாசிக்கும்போது மைக் வேலை செய்யாது.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்களுக்குச் சமாதானம் உண்டாவதாக, கூடவே கொஞ்சம் நிதானமும்.

கொதிப்பு அடங்காத,
உங்கள் தம்பி மகன்

பி.கு.: கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே குவயர் மாஸ்டர் வீட்டுக்குப் போய் வந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. "இருபது வருஷமா பாட்டு போடுறேன் தம்பி. மூணாம் நிமிஷம்னு நிமிஷக் கணக்கோட என் பாட்ட யாருய்யா கேட்டிருக்கா?" என்றார். அதில் பொய்யில்லை, நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை மறுபடி அழைத்து வரச் சொன்னார், உங்களையும். ஆல்பத்தை மறுபடி வெளியிடப் போகிறாராம். சும்மா இருக்காமல், "அந்த உஸ் சத்தத்தை எடுத்துடலாமே" என்றேன்.

"எதுக்கு? அதுதான ஆவியானவரோட அசைவாடுதல்? நீங்கதான எழுதுனீங்க?"

கதவுக்குப் பின்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க மாமா" என்றேன்.

மறுப்பு வேண்டாம். மைக் வேலை செய்யும்.