எலுக்கொடியும் செனட்டரும்

அபேயோகுட்டா,
மழைக்கு முன்.

மதிப்புக்குரிய போலான்லே அக்காவுக்கு,

தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குகிறேன். விழுந்ததாக வைத்துக்கொள். சட்டை வெள்ளை. அத்தான் நலம், பிள்ளைகள் நலம் என்றே நம்புகிறேன். என்னைப் பற்றி நீ அப்படி நம்ப வேண்டாம்.

"சாயக்காரி வீட்டுல பொண்ணு எடுடா, வாழ்க்கை வண்ணமா இருக்கும்" என்றாய். இருக்கிறது. நீ பார்த்துச் சொன்ன அபெனியின் அம்மா என் படிப்பைக் கேட்கவில்லை. வேலையைக் கேட்கவில்லை. நீலச் சாயம் எடுக்கும் எலுக்கொடி ஒன்றைக் கையில் கொடுத்தார். "இதை வளத்துக் காட்டு தம்பி. அப்புறம் பொண்ணைப் பத்திப் பேசலாம்."

தத்துவத்தில் முதுகலை வாங்கியவனுக்கு ஒரு கொடி பெரிதா? பந்தல் போட்டேன், குடிக்கிற தண்ணீரை ஊற்றினேன், ஒரு இலையைக்கூடக் கிள்ளவில்லை, அபெனி ஆசையாக ஒரு தளிரைத் தொட்டதற்கே கத்தினேன், அவள் "அப்ப அதையே கட்டிக்கோ"ன்னு கிளம்பிட்டா, கொடி கூரை ஏறிச்சு, இலையெல்லாம் செருப்புத்தோல் மாதிரி தடிச்சுது, நானும் பெருமையில தடிச்சேன்.

வருங்கால அத்தை வந்தார். பார்த்தார்.

"இத்தனை முத்தலை வச்சு என்னப்பா பண்ண? தளிர்லதான் நீலம் இருக்கு. கிள்ளக் கிள்ளத்தானே தளிர் வரும்! அடுத்த தடவை வரும்போது தளிர் இல்லேன்னா பேச்சும் இல்லே."

மறுநாள் கிள்ளப் போனேன். கிள்ள ஒன்றும் இல்லை. மொட்டைக் குச்சி. வீட்டுக்காரர் ஓகுந்திபேயின் ஆடு. பெயர் செனட்டர். எல்லாம் தின்னும், எதற்கும் பதில் சொல்லாது. கூரைவரை எப்படி ஏறியது என்கிறாயா? நான் போட்ட பந்தல் அத்தனை உறுதி.

வீட்டுக்காரர் பெருந்தன்மையானவர். "பச்சையைக் கண்டா ஆடு திங்கத்தான் செய்யும். படிச்சவருக்குத் தெரியாதா? வேணும்னா உங்க கல்யாண விருந்துக்கு இதையே வெட்டிக்குங்க."

எந்தக் கல்யாணத்துக்கு?

ஆகவே அக்கா, சீருக்கு வாங்கிவைத்த வள்ளிக்கிழங்கை நீங்களே இடித்துத் தின்றுவிடுங்கள். தேனும் கோலாக்கொட்டையும் அத்தானுக்கு. கல்யாணம் நின்றுவிட்டது என்று அம்மாவிடம் நீயே சொல். வண்ணமாகச் சொல். ஆட்டை மட்டும் எப்படியும் வெட்டுவோம். அதற்குக் கல்யாணம் தேவையில்லை.

உன் வாசலில் என்றும் பச்சை இருக்கட்டும். அந்தப் பக்கம் ஆடு வராதிருக்கட்டும்.

உன் தம்பி,
அகன்னி

பி.கு.: தபால்தலை வாங்கச் சோம்பியதில் மழைக்காலமே வந்துவிட்டது. குச்சியெல்லாம் தளிர். நேற்று அத்தை வந்து ஒரு தளிரைக் கசக்கினார். விரல் நீலமானது.

"அடடா! யாருப்பா இப்படி ஒட்டக் கிள்ளினது? எங்க தெருவுலயே இந்தக் கை கிடையாதே!"

"நான்தான் அத்தை."

செனட்டர் பக்கத்தில்தான் நின்றது. வழக்கம்போல் எதுவும் சொல்லவில்லை.

கிழங்கை இடித்துவிடாதே. விருந்துக்கு வேறு ஆடு பார்.